கடைசிக் கேள்வி

"ஆத்து நத்தையை எண்ணி யாருக்கு என்ன லாபம்?"

எடுத்த எடுப்பிலேயே அந்த அம்மாள் இப்படிக் கேட்டதும், மேஜைக்கு எதிரே இருந்த அறிவியல் வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நத்தை குறைஞ்சா தண்ணி கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்ங்க. என் பிள்ளைங்களே அதைக் கண்டுபிடிக்கிறாங்க."

"ரெண்டு வருஷமா ஆய்வு நிதி கிடைக்கலையே, எப்படி ஓட்டினீங்க?"

"கையில கிடைச்சதை வச்சுதான். இந்தத் தடவையும் இல்லேன்னா நிறுத்த வேண்டியதுதான்."

"கிடைச்சா முதல்ல என்ன வாங்குவீங்க?"

"நத்தை அள்ள நல்ல வலைங்க."

"அப்போ என் டீ வடிகட்டி வீட்டுக்குத் திரும்பி வந்துடுமா?"

"ஏம்மா, நிஜக் கமிட்டி இதையெல்லாமா கேக்கும்?"

"கமிட்டி கேக்காது" என்றபடி அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள் மனைவி. "ரெண்டு வருஷமா டீயைத் தூளோட குடிக்கிற பொண்டாட்டி கேப்பா!"