சனிக்கிழமை வேலி

"முழுசா வெட்டிப்போடாதேங்கோ அண்ணை. கொஞ்சம் உயிர் கிடக்கவேணும்" என்றார் கிளெமென்ற், அதன் தலையை இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்தபடி.

யேசுரட்ணம் கத்தியை நிறுத்தினார். பயப்பட வேண்டாம், கத்திக்குக் கீழே கிடந்தது ஒரு முள்மரம்தான். அடியில் முக்கால்வாசி வெட்டி, பட்டை மட்டும் ஒட்டியிருக்கச் சாய்த்துவிட்டால் மரம் சாகாது. படுத்தபடியே தளிர்த்து, அடர்ந்து, வேலியாகிவிடும்.

ஒஸ்லோவின் வடக்கு ஓரத்தில், மாரிடாலன் பண்ணை ஒன்றின் பழைய வேலியை இப்படித்தான் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஊர் கூடிச் சம்பளமில்லாமல் செய்யும் டுக்னாட் வேலை. 2006 இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் வந்த பன்னிரண்டு பேரில் இவர்கள் இருவர்தான் தமிழர். பண்ணைக்காரர் ஆர்ண முதல் நாளே இருவரையும் சோடி சேர்த்துவிட்டார்.

யேசுரட்ணம் வேலிக்காக வரவில்லை. மனைவி காலமான பிறகு அவருடைய வீட்டில் கதைப்பது தொலைக்காட்சி மட்டும்தான். கிழமையில் ஒருநாள் "அண்ணை" என்று கூப்பிட இந்த ஒரு மனிதர் இருந்தார். வேலி முடிந்தால் அதுவும் முடிந்தது.

அதனால் வேலியை முடியவிடாமல் இழுக்க ஒரு கள்ள வேலை செய்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக பஸ் ஏறி வந்து, நாளுக்கு ஒரு மரமாக, சாய்த்த மரத்தின் பட்டையைப் பிய்த்துவிட்டுப் போயிருந்தார். ஆனால் போன சனிக்கிழமை பார்த்தால் ஐந்து மரங்கள் அறுந்து கிடந்தன. மான் கடித்த வேலை என்று ஆர்ண முடிவுகட்டினார். உண்மையாகவே மானும் வாய் வைத்திருக்கிறதாக்கும் என்று யேசுரட்ணம் நினைத்துக்கொண்டார்.

கிளெமென்றுக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. "நாசமாப்போன மான்! இது எப்ப முடியிறது? எனக்குச் சனியிலை வீட்டிலை தலைக்கு மேலை வேலை கிடக்கு."

அன்று கோப்பி நேரத்தில் ஆர்ண சிரித்துக்கொண்டே வந்தார். துவக்கைத் துடைத்து வைத்துவிட்டாராம். நாளை விடியவே மானின் கதையை முடித்துவிடுவாராம்.

யேசுரட்ணம் கோப்பியைக் கீழே வைத்தார். உண்மையைச் சொன்னால் கிளெமென்ற் இனி முகத்திலும் முழிக்கமாட்டார். சொல்லாவிட்டால் ஒரு வாயில்லாச் சீவன் சாகும். ஆர்ண தன் வீட்டுப் பக்கம் போகும்வரை யேசுரட்ணம் பொறுத்திருந்தார்.

"கிளெமென்ற், மானைச் சுட வேண்டாமெண்டு சொல்லவேணும். பிய்ச்சது நான்."

"என்ன அண்ணை கதைக்கிறியள்?"

"ரெண்டு மரம். ஞாயிற்றுக்கிழமையிலை களவா வந்து பிய்ச்சனான். இந்த வேலி முடிஞ்சால் எனக்குக் கதைக்க ஒருத்தரும் இல்லையப்பா. கோவிக்காதேயும்."

கிளெமென்ற் கையுறையைக் கழற்றினார், திரும்பவும் போட்டுக்கொண்டார்.

"எழும்புங்கோ. ரெண்டு பேருமாப் போய் ஆர்ணவிட்டைச் சொல்லுவம்."

"பிழை விட்டது நான். நீர் ஏன் வரவேணும்?"

கிளெமென்ற் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் புதன்கிழமையிலை வாறனான், அண்ணை."