சமக்குறி எங்கே?

“வீட்டை அவரே வச்சுக்கட்டும் மேடம். கால்குலேட்டரை மட்டும் குடுத்துடச் சொல்லுங்க.”

குடும்பநல ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு எதிரே பார்த்தார். ஒரு நாற்காலியில் ரோடு போடும் கம்பெனியின் சர்வேயர். இன்னொன்றில், இப்படிச் சொன்ன அவர் மனைவி, பாலங்களுக்குக் கணக்குப் போடும் இன்ஜினியரம்மா. நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக உட்காரும் அளவுக்கு இடம்.

பிரிந்துவிடுவது என்று இருவரும் முடிவு கட்டியாயிற்று. கார், கட்டில், சோபா எல்லாம் சத்தமில்லாமல் பங்கு பிரிந்துவிட்டன. பூனையை யாருமே கேட்கவில்லை. கையகலக் கறுப்புப் பெட்டி ஒன்றில் வந்துதான் விவகாரம் முட்டிக்கொண்டு நின்றது.

“கடைகடையா ஏறி இறங்கி வாங்கினது நான்,” என்றார் சர்வேயர்.

“உள்ளே இருக்கிற புரோகிராமை எழுதினது நான். அது இல்லாட்டி இது வெறும் பிளாஸ்டிக்.”

“பாதி நான் எழுதினது!”

“ஆமா, தப்பான பாதி.”

“பாத்தீங்களா மேடம்? வீட்டுலயும் இதே பேச்சுதான்.”

“புதுசா இன்னொண்ணு வாங்கிக்கக் கூடாதா?” என்று கேட்டார் ஆலோசகர்.

“இந்த மாடலை நிறுத்திட்டாங்க மேடம்,” என்றார் சர்வேயர், துக்க வீட்டில் பேசும் குரலில்.

“அப்படி என்னதான் இருக்கு இதுல?” ஆலோசகர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “அஞ்சையும் மூணையும் கூட்டிப் பாப்போம்.”

அஞ்சை அழுத்தினார். கூட்டல் குறியை அழுத்தினார். மூன்றை அழுத்தினார். அதன்பிறகு அவர் விரல் பட்டன்களுக்கு மேலே வழி தெரியாமல் அலைந்தது.

“சமக்குறி எங்கே?”

“கிடையாது,” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

“சமக்குறி இல்லாம ஒரு கால்குலேட்டரா? பாருங்க, அஞ்சும் மூணும் மூணுன்னு காட்டுது. ரிப்பேரான சாமானுக்கா இவ்வளவு சண்டை?”

சர்வேயரின் முகம் சிவந்தது. “ரிப்பேரா! மேடம், இதுல முதல்ல எண்களைக் குடுக்கணும். அஞ்சு, என்டர், மூணு. கூட்டறதா கழிக்கறதாங்கறதை அதுக்கப்புறம்தான் சொல்லணும்.”

“என்ன செய்யணும்னு சொல்லாம எண்ணை மட்டும் குடுத்தா, அது பாவம், என்னதான் செய்யும்?”

“அடுக்கி வச்சுக்கும்,” என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார் இன்ஜினியரம்மா. “தட்டு மேல தட்டு வைக்கிற மாதிரி. குறியை அழுத்தினதும் மேல இருக்கிற ரெண்டை எடுத்துக் கூட்டிடும். அடைப்புக்குறியே வேண்டாம். எவ்வளவு பெரிய கணக்கா இருந்தாலும்…”

“சளைக்காது,” என்று முடித்துக் கொடுத்தார் சர்வேயர்.

ஆலோசகர் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். “எங்க வீட்டுக்காரர் பிளாட்பாரத்துல ஒண்ணு வாங்கினார். அதுல சமக்குறி இத்தாம்பெரிசு, சிவப்பா இருக்கும். அழுத்தினா பாட்டு வேற பாடும். அதுல ரெண்டு வாங்கி ஆளுக்கொண்ணு வச்சுக்குங்களேன்.”

அந்த அறைக்குள் வந்த பிறகு முதல் தடவையாக இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பாட்டுப் பாடுமாம்,” என்றார் சர்வேயர் மெல்ல.

“காதுல விழுந்தது.” இன்ஜினியரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“சரி, புரோகிராம் புரோகிராம்னு சொல்றீங்களே, அது என்ன அவ்வளவு பிரமாதம்?”

“ரோடு வளையற இடத்துல எங்கெங்க கல் நடணும்னு சொல்லும் மேடம். இவர் எழுதினது நீளமாப் போய் இதுக்குள்ள அடங்கவே இல்ல. நான்தான் சுருக்கிக் குடுத்தேன்.”

“சுருக்கினதுல ஒரு கூட்டல் கழித்தலாயிடுச்சு. வலது பக்கம் போக வேண்டிய ரோடு இடது பக்கம் திரும்பி, நேரா ஒருத்தர் கோழிப்பண்ணைக்குள்ள போயிடுச்சு!”

“கல்லுதான் போச்சு, ரோடு போகலை! அந்த ஆளு கல்லைப் பிடுங்கிக்கிட்டு உங்களைத் துரத்தினாரே…”

“நீதான் என்னை விட்டுட்டு ஜீப்ல முதல்ல ஓடினே!”

“தப்பைக் கண்டுபிடிக்கத்தான் ஓடினேன்!”

“கண்டுபிடிச்சியே. ராத்திரிக்குள்ள சரி பண்ணிட்டியே.”

இன்ஜினியரம்மாவுக்குப் பொங்கி வந்த சிரிப்பு சட்டென்று நின்றது. ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சர்வேயருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“எனக்கு ஒரு யோசனை,” என்று ஆலோசகர் மேசையைத் தட்டினார். “அந்தப் புரோகிராமை மொத்தமா அழிச்சுடுவோம். வெறும் பெட்டிக்கு யார் சண்டை போடப் போறீங்க? இந்தப் பட்டன்தானே?”

“ஐயோ!”

இரண்டு கைகள் ஒரே நேரத்தில் பாய்ந்தன. இன்ஜினியரம்மாவின் கை கால்குலேட்டரைப் பறித்தது. சர்வேயரின் கை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டது. பெட்டி பத்திரமாகிவிட்டது என்று தெரிந்த பிறகும் அவர் பிடியை விடவில்லை. இன்ஜினியரம்மாவும் இழுத்துக்கொள்ளவில்லை.

“தப்பா நினைக்காதீங்க மேடம்,” என்று எழுந்தார் சர்வேயர். “இதோட அருமை தெரியாதவங்க கையில இதைக் குடுத்ததே எங்க தப்பு.”

“வாங்க, போகலாம்,” என்றார் இன்ஜினியரம்மா. சொன்னது கணவரிடம்.

“அப்போ கையெழுத்து?”

“அதுக்கு இப்ப என்ன அவசரம்?” என்றபடி இருவரும் வெளியேறினார்கள். “அஞ்சும் மூணும் மூணாம்!” என்று வராந்தாவில் ஒரு குரல் கேட்டது. அடுத்து இரண்டு பேர் சிரிக்கும் சத்தம்.

கதவு மூடியதும் ஆலோசகர் மேசை இழுப்பறையைத் திறந்தார். அதே மாடல் கால்குலேட்டர் ஒன்றை, தேய்ந்து எழுத்தழிந்த பட்டன்களோடு, வெளியே எடுத்தார். அந்த அறையின் ஜன்னல்களுக்கு எத்தனை மீட்டர் திரைத்துணி வேண்டும் என்று, எண், என்டர், எண், பெருக்கல் என விரலைப் பார்க்காமலே மளமளவென்று தட்டி முடித்தார்.

உதவியாளர் எட்டிப் பார்த்தார். “அடுத்த ஜோடி வந்தாச்சு மேடம். ஒரு டெலஸ்கோப்புக்காகத் தகராறாம்.”

“வரச் சொல்லுங்க,” என்று இழுப்பறையை மூடினார் ஆலோசகர். “அதுல எந்தப் பக்கமாப் பாக்கணும்னே எனக்குத் தெரியாது.”