பழகிய முதுகு

நெடுந்தூர மலைநடையின் மூன்றாம் நாளே தையல்காரரின் முழங்கால் பூசணிக்காய்போல் வீங்கிவிட்டது.

"திரும்பிடலாமா?" என்று முனகினார்.

ஓராண்டாக இந்தப் பயணத்தையே கனவு கண்டிருந்த மனைவிக்கு முகம் வாடியது. "காலையில பார்க்கலாங்க" என்றவள், தைலம் தேய்த்து அவரைத் தூங்கவைத்துவிட்டு, இருவர் பைகளையும் கட்டி வைத்தாள்.

மறுநாள் வலி குறைந்தது. அதற்கடுத்த நாள் அவர் சீட்டியடித்தபடியே மேடேறினார்.

"முதுகுல பை இருக்கிறதே தெரியலை. உடம்பைப் பழக்கணும், புரியுதா? நீ ஏன் இப்படி மூச்சு வாங்குறே?"

"எனக்கு இன்னும் பழகலை போலிருக்குங்க."

உச்சியை அடைந்ததும் தையல்காரர் துள்ளிக் குதித்தார். ஆனந்தத்தோடு பெருந்தன்மையும் பொங்கியது.

"கொடு, இறங்குறப்போ உன் பையையும் நானே தூக்குறேன்."

இரு கைகளாலும் இழுத்தார். பை அசையவில்லை.

"என்னடி, தையல் மெஷினை உள்ளே வெச்சிருக்கியா?"

"கூடாரம், அடுப்பு, உங்க கம்பளி, உங்க துணியெல்லாம் இருக்குங்க."

"அப்போ என் பையில?"

அவள் அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே காற்றடித்த தலையணைகள் இரண்டு மட்டுமே இருந்தன.

அவள் தன் பையை முதுகில் ஏற்றிக்கொண்டாள்.

"நீங்க சீட்டியடிங்க, அது போதும்."