செல்லத்துக்கு முடி கொட்டுது

"இவ பிறந்த வீட்டிலேருந்து கொண்டுவந்த சீதனம் டாக்டர், இது!"

மாமியார் தன் கழுத்தில் வட்டம் வட்டமாகத் தடித்திருந்ததைக் காட்டினாள். மருமகளின் முழங்கையிலும் அதே வட்டம். ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை.

தோல் டாக்டர் இரண்டு பேரிடமும் லேசாகச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

"படர்தாமரைதான். பூஞ்சை. ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு ஒட்டிக்கும்."

"நான் சொல்லல? கொண்டுவந்தவங்களை முதல்ல வீட்டை விட்டு அனுப்பச் சொல்லுங்க!"

"வீட்டில வேற யாருக்காவது இருக்கா? முடி திட்டுத்திட்டாக் கொட்டுதா?"

"என் செல்லத்துக்குக் கொட்டுது டாக்டர். இவ வந்ததிலேருந்து அவன் சரியாச் சாப்பிடறதில்ல. ராத்திரியானா என் பக்கத்துல வந்து படுத்துக்கறான். கவலையில முடி கொட்டாம என்ன செய்யும்?"

கல்யாணமான பிறகும் அம்மா பக்கத்திலா? டாக்டர் மருமகளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சாயந்தரம் அவரையும் கூட்டிட்டு வாங்க."

சாயந்தரம் செல்லம் கூடைக்குள் வந்தான். மூடியைத் திறந்ததும் "மியாவ்" என்றான். காதுக்குப் பின்னால் வட்டமாகச் சொட்டை. டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அங்கேயும் சுரண்டிப் பார்த்தார். அதே பூஞ்சை.

"கொண்டுவந்தது இவர்தாம்மா. நீங்க சொன்ன மாதிரியே அனுப்பிடலாமா?"

"ஐயையோ! வாயில்லா ஜீவன் மேல இப்படிப் பழி போடலாமா டாக்டர்?"

மருமகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"இத்தனை நாளா நீங்க போட்டதும் வாயில்லா ஜீவன் மேலதானே அத்தை?"