அம்மாவின் இரண்டாவது டிஸ்க்

செத்த பிறகு அம்மா எங்கள் ஆவடி வீட்டு ஹாலில் அவள் நினைவுகளை ஏற்றிவைத்த ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்து பேசிக்கொண்டிருந்தாள். தம்பி சிபி கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் கட்டிக்கொண்டிருந்தான். கிராஃபிக்ஸ் கார்டை நல்லதாக வாங்கிவிட்டு, கேபினெட்டும் மதர்போர்டும் பழையதாகப் பார்த்து எடுத்தான். டிஸ்குக்குக் காசு மிஞ்சவில்லை.

"அம்மா, உன்கிட்ட ரெண்டு டிஸ்க் இருக்குல்ல?"

"ஒண்ண எடுத்துக்கடா கண்ணு. எனக்கு எதுக்கு ரெண்டு?"

சோறு பத்தாத நாட்களிலும் அவள் இப்படித்தான், பசியே இல்லை என்பாள்.

"டேய், அது அம்மாடா. ஸ்பேர் பார்ட் இல்ல," என்றேன்.

"அவங்களே குடுக்கிறாங்க. உனக்கு ஏன்க்கா எரியுது?"

ஒரே டிஸ்கில் அவளுடைய நினைவு முழுவதும் அடங்காது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று அம்மாவே பிரித்தாள். விட்டதை அழித்துவிட்டு, காலியான டிஸ்கைச் சிபி தன் கம்ப்யூட்டரில் மாட்டினான். கேம் எங்கும் திக்காமல் ஓடியது.

மறுநாள் வேலை முடிந்து வந்து பெட்டியின் எதிரே உட்கார்ந்தேன்.

"அம்மா."

"வாம்மா. சிபி உள்ள விளையாடுறான், இப்பக் கூப்பிட்டா கத்துவான். நீ அவன்கூடப் படிச்ச பொண்ணா?"

"ஆமாங்க ஆன்ட்டி," என்றேன்.