மூன்றாம் எண்ணின் முதுகு

மூன்றாம் எண் டாங்கி திரும்பத் தொடங்கியது.

அவள் சொன்னபடிதான் திரும்பியது. அதுதான் தப்பாகிப்போனது.

திரையின் மூலையில் நொடிகள் ஓடின. நாற்பது. நாற்பத்தைந்து. இந்தக் கம்ப்யூட்டர் போர் விளையாட்டில் இரண்டு தரப்பும் ஆணைகளைக் கொடுத்துவிட்டு, ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டும். நடுவில் புகுந்து "ஐயோ, நில்லு" என்று கத்த வழியே கிடையாது.

ஐம்பது.

டாங்கி முழுவதுமாகத் திரும்பி, எதிர் மேட்டில் ஏறி நின்ற மூன்று டாங்கிகளுக்கும் தன் முதுகைக் காட்டியது.

அறுபது. படம் நின்றது.

அவள் கணவர் ஒன்பது நாளாக ஆஸ்பத்திரியில். தொண்டையில் குழாய். நேற்று மாலை பார்வை நேரத்தில் சைகையால் பேனாவைக் கேட்டு வாங்கினார். கோணல்மாணலாக எழுதினார்.

"பத்து நாள் ஆனா தோல்வி. மூணைப் பின்னால எடு."

மகள் பெயரை எழுதுவார் என்று நினைத்தாள். தன் பெயரைக்கூட எதிர்பார்த்தாள். மனிதர் டாங்கியைப் பற்றி எழுதுகிறார்.

கோபம் வந்தது. ஆனாலும் காகிதத்தை மடித்துப் பர்ஸில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

அவருடைய ஐந்து டாங்கிகளில் மிச்சம் அந்த ஒன்றுதான். அதுவும் விழுந்தால் எதிராளி தூத்துக்குடி இசக்கியப்பன் இறுதிச் சுற்றுக்குப் போய்விடுவார். ஆறு வருடமாக மெயிலிலேயே ஆணைகளை அனுப்பி நடக்கிற சண்டை; பத்து நாள் ஆணை போகாவிட்டால் தோல்வி. இருவரும் ஒருமுறைகூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை. "உங்க தூத்துக்குடி சம்பந்தி என்ன சொல்றார்?" என்று அவள் கிண்டல் செய்வாள்.

காலையில் குளித்துவிட்டு வந்து, முதன்முறையாக அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மூன்றைத் தொட்டாள். 'மூவ்' என்பதை அழுத்தினாள். பின்னால் இருந்த தோப்பைக் காட்டினாள். அனுப்பினாள். சந்துக்குள் ஸ்கூட்டரைத் திருப்பி எடுக்கிறவளுக்கு வேறென்ன தோன்றும்?

பதில் வந்தது. அதோடு, டாங்கி முதுகைக் காட்டிய இந்த நிமிடமும் வந்தது.

'மூவ்' இருந்த இடத்திலிருந்து மூன்று வரி கீழே 'ரிவர்ஸ்' இருந்தது. இப்போதுதான் கண்ணில் பட்டது.

தோசை வார்க்கும்போது பக்கத்தில் நின்று எத்தனை முறை சொல்லியிருப்பார்.

"டேங்குக்கு நெஞ்சுலதான் இரும்பு. முதுகுல வெறும் தகரம். மூஞ்சியக் காட்டிக்கிட்டேதான் பின்னால வரணும்."

"சட்னி போதுமா?" என்று கேட்டிருப்பாள்.

மூன்றாம் எண் பிழைத்தால் இவரும் பிழைப்பார். நேற்று பஸ்ஸில் வரும்போது அவளாகவே போட்டுக்கொண்ட முடிச்சு. பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். தெரிந்து என்ன?

மறுபடி திருப்ப நேரமில்லை. தோப்பு இன்னும் தூரத்தில் இருந்தது. 'வேகமாக' என்று கொடுத்து அனுப்பிவிட்டு எழுந்து போனாள். அவருடைய வேட்டியை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

மெயில் வந்தது.

எதையும் படிக்காமல் நிமிடத்தை ஓடவிட்டாள்.

ஐந்து. பத்து.

மேட்டின் மேல் ஒரு டாங்கி அசைந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தம் வரவில்லை.

திறந்தாள்.

எதிரியின் டாங்கிகள் மூன்றும் பின்னால் போய்க்கொண்டிருந்தன. மூஞ்சியைக் காட்டியபடியே, முறையாக. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒவ்வொன்றாக இறங்கி மறைந்தன.

நாற்பது. ஐம்பது. அறுபது.

ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. மூன்றாம் எண் வெட்டவெளியில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம்தான் மெயிலைப் படித்தாள்.

"அண்ணாச்சி முதுகு காட்ட மாட்டாவ. அந்தப் பக்கம் யாரு? அவுகளுக்கு மேலுக்குச் சொகமில்லையா?"

ஒன்பது நாளாக வராத அழுகை அப்போது வந்தது. டாக்டர் முன்னால் வரவில்லை. மகளிடம் போனில் பேசும்போதும் வரவில்லை. முகம் தெரியாத ஒரு மனிதர், ஜெயிக்க வேண்டிய நிமிடத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் கேள்வி கேட்கிறார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

நன்றி என்று அடித்தாள். பார்த்தாள். போதவில்லை. அழித்தாள்.

"நான் அவர் மனைவி. ஆஸ்பத்திரியில் இருக்கிறார். குழாயை எடுத்ததும் அவரே விளையாட வருவார்."

கடைசி வரியை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானேகூட.

இனி அடுத்த ஆணை.

தோப்பு இன்னும் கொஞ்ச தூரம்தான். ஆனால் மேட்டுக்கு அப்பால் அந்த மூன்றும் இருக்கின்றன. நினைத்தால் அரை நிமிடத்தில் ஏறி வந்துவிடலாம். வண்டியை மேட்டுப் பக்கம் திருப்பி 'ரிவர்ஸ்' கொடுப்பதுதான் முறை. அது எங்கே இருக்கிறதென்று இப்போது தெரியும்.

விரல் அதன்மேல் போய் நின்றது.

எடுத்துவிட்டாள்.

'மெதுவாக' என்பதை அழுத்தினாள். முதுகு மேட்டைப் பார்த்தபடி அப்படியே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.