கதவு எங்கிருந்து விழும்?

எலிகளின் கல்லூரியில் எலிப்பொறிப் பாடத்தை முடித்த பெருச்சாளி வாத்தியார், "சந்தேகம் இருக்கா?" என்று கேட்டார்.

எல்லாம் தலையைக் குனிந்துகொண்டன. சுண்டெலி மட்டும் தயங்கிக் கையைத் தூக்கியது.

"சார், கதவு மேலேயிருந்து விழுமா, பக்கவாட்டில் மூடுமா? புத்தகத்தில் ரெண்டு மாதிரியும் இருக்கே."

பக்கத்திலிருந்த மூஞ்சூறு முறைத்தது. "இதெல்லாம் உனக்கு எப்படிடி தெரியும்?"

"நேத்தே படிச்சிட்டு வந்தேன்."

"யாரும் சொல்லாமலா? நீ வாத்தியாரோட ஆளு. எங்களை மாட்டிவிடப் பார்க்கிறே!"

வாத்தியார் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் மூஞ்சூறு கடைசி பெஞ்சுக்குப் போய்க் கதையளக்க ஆரம்பித்தது.

மாலையில் சமையலறையில் மசால்வடை மணத்தது. பொறிக்குள் ஒரு காலை வைத்த மூஞ்சூறு, அந்தப் பக்கம் வந்த சுண்டெலியைக் கண்டு அப்படியே நின்றது.

"ஏய், வாத்தியார் என்னடி பதில் சொன்னார்?" என்றது. பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டது: "உண்மையைத்தான் சொல்லுவியா?"